அடுத்தவள் வீட்டுக்காரர் பெயர்

1. அடுப்படிக்கு வந்த கூச்சல்

“தனம்! உன் மதாம் என் தாலிய அறுத்துட்டாடி!”

அஞ்சலை இப்படிக் கத்திக்கொண்டு அடுப்படிக்குள் வந்தபோது நான் சுறாப்புட்டுக்கு மீன் உதிர்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் இங்கிலீஷ் கிளாஸ் நடக்கிற நேரம். அதை விட்டுவிட்டு இவள் ஏன் கீழே வந்தாள் என்று புரியவில்லை.

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிரெஞ்சு வீடு. அங்கே எனக்குச் சமையல் வேலை. அரியாங்குப்பத்தில் பஸ் ஏறி, ஆற்றைத் தாண்டிக் காலையில் வந்துவிடுவேன். எழுபதுகள் முடியப்போகிற சமயம், என் சின்ன மகன் மூன்றாவது படித்த வருஷம். எனக்குப் படிப்பில்லை, வருஷத்தை இப்படித்தான் ஞாபகம் வைப்பேன். இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள்.

அந்த வீட்டில் ஹெலன் என்று ஓர் இங்கிலாந்துப் பெண் தங்கியிருந்தாள். இரண்டு நாட்டுக்கும் பழக்கம் வளரட்டும் என்று அவர்கள் ஊரில் செலவு கொடுத்து, இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவார்களாம். அதற்குப் பெயர் கிராண்ட். மொத்தம் பத்து மாதம். முதல் மாதம் முடிகிறபோது மெட்ராஸிலிருந்து ஒரு துரை வந்து பார்ப்பார். பெண்கள் பேசினால் மீதி மாதமும் கிளாஸ் உண்டு. பேசாவிட்டால் மூடிவிட்டு ஹெலன் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், வெள்ளைக்காரப் பெண் என்றால் எங்களுக்கு மதாம்தான். “நான் பிரெஞ்சுப் பெண் அல்ல” என்று அவள் சொல்லிப் பார்த்தாள். “சரிங்க மதாம்” என்றோம். அத்தோடு விட்டுவிட்டாள்.

கிளாஸில் பன்னிரண்டு பெண்கள். முக்கால்வாசிப் பேர் மில் தொழிலாளி வீட்டுக்காரிகள். வெள்ளைக்காரர் தங்குகிற விடுதிகளில் வேலை கேட்கலாம் என்று வந்தவர்கள். அஞ்சலை மட்டும் பெரிய மார்க்கெட்டில் பூ விற்பவள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பேச்சு.

“வெள்ளக்காரிங்க வராளுங்க, பூவ எடுத்து மோந்து பாக்கறாளுங்க, வச்சிட்டுப் போயிடறாளுங்க. மோந்த பூவ சாமிக்குன்னு நான் எப்படி விக்கறது? மோக்காதன்னு அவ பாஷையில சொல்லணும், அவ்ளோதான்.”

மத்தியானம் மூன்றிலிருந்து நாலு வரை கிளாஸ். இப்போதும் கண்ணை மூடினால் அந்த மாடி வந்துவிடுகிறது. கடல் காற்றில் வெள்ளைத் திரை வயிறு உப்பி உப்பி அடங்கும். நீல ஜன்னல் சட்டங்கள் வழியாக வெயில் தரையில் கோடு கோடாகப் படுத்திருக்கும். அந்த ஒரு மணி நேரம் பன்னிரண்டு பேரும் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், யாருடைய அதட்டலுக்கும் எழுந்திருக்க வேண்டாம். நாள் பூராவும் அவர்கள் அக்கடா என்று உட்காருவதே அங்கேதான். டீ தட்டோடு உள்ளே போனால் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருக்கும் எனக்கு.

ஆனால் கிளாஸ் நகரவில்லை. முதல் பாடத்தில் ஹெலன், உன் பெயர் என்ன என்று கேட்டாள், எல்லாரும் சொன்னார்கள். இரண்டாம் பாடத்தில் உன் கணவர் பெயர் என்ன என்று கேட்டாள். பன்னிரண்டு தலையும் குனிந்தது. இரண்டு வாரம் ஹெலன் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். இரண்டு வாரமும் குனிந்த தலைதான். கடைசியில் அன்றைக்கு அஞ்சலையின் கையைப் பிடித்து, தான் படித்த புத்தகத் தமிழில் கேட்டாளாம்: “உங்கள் கணவர் இறந்துவிட்டாரா? நான் மிகவும் வருந்துகிறேன்.”

அதற்குத்தான் அஞ்சலை அப்படிக் கத்தியது. மறுநாள் நாலு பேர்தான் வந்தார்கள்.

ஹெலன் அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். “தனம் அம்மா, நான் என்ன தவறு செய்தேன்?”

“கழுத்துல மஞ்சக் கயிறு, தலையில பூவு, நெத்தியில இம்மாம் பெரிய பொட்டு. அவளப் பாத்து செத்துட்டாரான்னு கேக்கலாமா மதாம்?”

“பிறகு ஏன் பெயரைச் சொல்லவில்லை?”

“புருஷன் பேரப் பொண்டாட்டி எப்படிச் சொல்லுவா? அவரு ஆயுசு கொறஞ்சிடாதா?”

ஹெலன் தன் நோட்டைத் திறந்து காட்டினாள். பன்னிரண்டு பேருக்கு எதிரிலும் ‘கணவர் இல்லை’ என்று எழுதி வைத்திருந்தாளாம், பாவி! ஒவ்வொன்றாக அடித்தாள். அடிக்கும்போதே கண்ணீர் விழுந்தது. துரை வர எட்டு நாள் இருந்தது.

ஒன்றை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். டீ கொண்டுபோன எனக்கு இரண்டு வாரமாகவே விஷயம் தெரியும். சமையல்காரி கிளாஸில் வாய் திறக்கலாமா என்று சும்மா இருந்துவிட்டேன்.

2. பூக்கடையில்

அதற்கு மறுநாள் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனவள் நேராகப் பூக்கடைக்குப் போனேன். பக்கத்தில் மங்கவரம் நார் கிழித்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தக் கிளாஸ்தான், அஞ்சலைக்கு அடுத்த வீடு.

“உன் மதாமுக்குத் தூது வந்தியா?” என்றாள் அஞ்சலை.

“அவ ஊருல பொண்டாட்டியே புருஷன பேர் சொல்லித்தான் கூப்புடுவாளாம். அவளுக்கு என்னாடி தெரியும்?”

“தெரியலன்னா? நல்லா இருக்கற மனுஷன சாவடிக்கறதா?”

“கிளாஸ மூடிட்டா மோக்காதன்னு யாருகிட்ட கத்துப்ப?”

அவள் அரும்பு அரும்பாக எடுத்து வைத்துக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

“ரேஷன் கார்டு எழுத வந்தாங்களே, அப்ப உன் வீட்டுக்காரர் பேர யார் சொன்னது?” என்று கேட்டேன்.

“இதோ, இவதான். இவ வீட்டுக்கு நான் சொன்னேன்.”

சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்து பார்த்தாள். மங்கவரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மீன் வாங்கவே மறந்துபோனது. அன்றைக்கு ஹெலனுக்கு வெறும் பருப்புதான்.

3. துரை வந்த நாள்

விஷயத்தைச் சொன்னதும் ஹெலன் கேள்வியை மாற்றினாள். அஞ்சலையும் மங்கவரமும் போய், வராமல் நின்றவர்களையும் கூட்டிவந்தார்கள். உன் கணவர் என்று கேட்காமல், பக்கத்தில் இருப்பவளைக் காட்டி இவள் கணவர் பெயர் என்ன என்று கேட்டாள். அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்தவள் வீட்டுச் சேதியென்றால் யாருக்குத்தான் வாய் நிற்கும்? பேர் முடிந்து, என்ன வேலை, என்ன சாப்பிடுவார், எப்போது வீட்டுக்கு வருவார் என்று துரை வருவதற்குள் அந்தப் பாடம் எங்கேயோ போய்விட்டது.

துரை வந்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரை உப்பி அடங்கியது. மங்கவரம் எழுந்து அஞ்சலையைக் காட்டினாள்.

“ஹர் ஹஸ்பண்ட் நேம் இஸ் பழனி. ஹீ ஸ்லீப். எவ்ரி டே ஸ்லீப்.”

“நோ!” அஞ்சலை துள்ளி எழுந்தாள். “ஹீ வொர்க் நைட்! ஹர் ஹஸ்பண்ட் ராமலிங்கம். நோ வொர்க். ஒன்லி கார்ட்ஸ்!”

துரை சிரிப்பை அடக்கிக்கொண்டு, டீ தட்டோடு நின்ற என்னைப் பார்த்து, உன் கணவர் பெயர் என்ன என்று கேட்டார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்காக அஞ்சலை சொன்னாள்: “ஹர் ஹஸ்பண்ட் நேம் இஸ் கோவிந்தன். குட் மேன். லிட்டில் டிரிங்க்.”

நான் தட்டைக் கீழே போடாதது பெரிய விஷயம்.

அத்தோடு போயிருக்கலாம். துரை கிளம்பும்போது சுவர் ஓரம் இருந்த அஞ்சலையின் கூடையைப் பார்த்தார். சாயங்காலம் கோயிலுக்குப் போக வேண்டிய மல்லி. ஆசையாகக் குனிந்து ஒரு சரத்தை எடுத்து மூக்குக்குக் கொண்டு போனார்.

“சார்! நோ ஸ்மெல்!” அஞ்சலை ஒரே பாய்ச்சலில் முன்னால் நின்றாள். “காட் ஃபர்ஸ்ட்! யூ செகண்ட்!”

ஹெலன் முகம் வெளுத்துவிட்டது. துரை சரத்தை மெள்ளக் கூடையில் வைத்தார். இதையும் நீதான் சொல்லிக்கொடுத்தாயா என்று கேட்டாராம். இல்லை என்றாளாம் ஹெலன். அவர் அங்கேயே நின்று காகிதத்தில் எழுதினார். ஹெலன் படித்துச் சொன்னாள்: ‘நாம் சொல்லிக்கொடுக்காததையும் பேசுகிறார்கள். தொடரட்டும்.’

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருத்தர் வாய் திறக்கவில்லை என்றால் அவருக்குத் தெரியாது என்று எழுதிவிடாதீர்கள், கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தால், நாம் சமையல்காரிதானே என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பத்து மாதம் முடிந்து ஹெலன் கிளம்பிய அன்று அஞ்சலை ஒரு முழம் மல்லி கொண்டுவந்து கொடுத்தாள். ஹெலன் வாங்கி, மூக்குக்கு எட்டாத தூரத்தில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே நின்றாள். அஞ்சலை அந்தக் கையைப் பிடித்து அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

“ஸ்மெல், மதாம். திஸ் யுவர் ஃப்ளவர்.”