எனக்காக நின்ற லாரி

வெயிலில் காய்ந்த தார்ப்பாயைத் தூக்கியதும் குப்பென்று முகத்தில் அடிக்கும் மக்காச்சோள வாசனைதான் என் சிறுவயது ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை. பல்லடத்துக்கு அந்தப்புறம் ஒரு கோழித்தீவன மில்லின் முன்னால் லாரிகள் நெடுக வரிசை கட்டி நிற்கும். கர்நாடகத்திலிருந்து சோளம் ஏற்றிவந்த அப்பாவின் வண்டியும் அதில் எங்கேயாவது நிற்கும். தறி வேலைக்கு லீவு என்பதால் அன்று அம்மாவும் நானும் பஸ் பிடித்துப் போய் இறங்கி, சோறு நிறைந்த "தூக்குப்போசி"யைக் கைமாற்றிக்கொண்டே, ஒவ்வொரு வண்டி நம்பராகப் பார்த்து நடப்போம்.

வீடு பக்கம்தான், ஆனாலும் அப்பாவால் வரமுடியாது. முன்வண்டி நகர்ந்தால் இவரும் நகர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் புகுந்துவிடுவார். சம்பளமோ "நடை"க்கு இவ்வளவு என்று பேசியது. ஒரு லோடு கொண்டுபோய் இறக்கினால்தான் ஒரு நடை. சரக்கைக் காவல் காப்பதும், மழை வந்தால் மேலே ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதும், தூங்காமல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் எந்த முதலாளிக்கும் வேலையாகத் தெரியவில்லை. "வண்டி நிக்குதுன்னு நம்ம வகுறு நிக்குமா கண்ணு?" என்பாள் அம்மா.

எனக்கோ அந்த வரிசை நகரவே கூடாது. போகிற வழியிலிருந்த பிள்ளையாரிடம் அம்மா சீக்கிரம் லோடு இறங்க வேண்டும் என்று கும்பிடுவாள், பக்கத்திலேயே நின்று நான் இறங்கவே கூடாது என்று கும்பிடுவேன். பாவம், அவர்தான் யார் பேச்சைக் கேட்பார்! லாரி நிழலில் சாக்கு விரித்து "அரிசிம்பருப்பு"ச் சோறு சாப்பிட்டுவிட்டு, டிரைவர் சீட்டில் அப்பா மடிமேல் உட்கார்ந்து, நகராத வண்டியை நான் பம்பாய் வரைக்கும் ஓட்டுவேன். மாதத்தில் அப்பாவை நான் தொட்டுப் பார்த்ததெல்லாம் அந்த மில் வாசலில்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம், போசியின் மூடியைத் திறந்த நேரமாகப் பார்த்து வாட்ச்மேன் வந்தார்.

"ஏனுங்க டிரைவரண்ணா, அடுத்தது உங்க வண்டிதானுங்க. உள்ள உடுங்க."

சோளத்தை இறக்கினால் அப்படியே அடுத்த நடைக்குக் கிளம்பச் சொல்வார்கள், அப்புறம் எப்போது வருவாரோ தெரியாது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "போயிருவீங்களாப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாட்ச்மேனிடம், "பின்னாடி நிக்கற வண்டிய உடுங்க. நான் நாளைக்கு எறக்கிக்கறேனுங்க" என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, கிறுக்கா புடிச்சிருக்குது உங்களுக்கு? இன்னொரு நாளும் சும்மா நிக்கறதுக்கா?"

"ஊருக்கெல்லாம் சும்மா நின்னுபோட்டேன். எம்புள்ளைக்கு ஒரு நாள் நிக்கறேன், உடு."

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்து, வீட்டுக்கு மிச்சம் பிடித்திருந்த நெய்யை எல்லாம் ஊற்றினாள்.

அப்பா போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. சென்ற மாதம் அந்தப் பக்கம் போனபோது மில் பெரிதாகியிருந்தது, வரிசையும்தான். நின்றவர்களில் பாதிப்பேர் வடக்கத்திப் பையன்கள். ஒருவன் சக்கரத்தில் சாய்ந்து வீடியோ காலில் சின்னப் பெண் ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தான். எனக்கு இந்தி தெரியாது, ஆனால் அவள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. அதற்குள் அடுத்தது அவன் முறை என்று போனிலேயே டோக்கன் வந்தது. அவன் சட்டென்று பேச்சை அறுத்துவிட்டு வண்டியில் ஏறினான்.

"மொறைய உட்டா நாளைக்குக் கடைசீல போய்த்தான் நிக்கோணுமுங்க. மொதலாளிக்கும் தெரிஞ்சு போயிருமுங்க" என்றார் டீக்கடைக்காரர். நிற்கிற நாளுக்கு இப்போதாவது ஏதாவது தருகிறார்களா என்று கேட்டேன். "அது எப்பவும்போலத்தானுங்க" என்று சிரித்தார்.

சோறு கொண்டு வருகிற பெண்டு பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை. முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கிற அந்தச் சின்ன அதிகாரமும் இல்லை. அப்பாவோடு நான் இருந்த நாளெல்லாம் யாரோ கூலி கொடுக்காமல் எடுத்துக்கொண்ட நாள்கள் என்று இப்போது தெரிகிறது. தெரிந்தும் அந்த நாள்கள் எனக்குத் திரும்ப வேண்டும். ஒன்று விடாமல், கூலியோடு வேண்டும்.