மருந்துக்கு ஓடாத இதயம்

நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மொந்தெவிதேயோ துறைமுகத்தில் நாற்பது வருடம் சுங்க அதிகாரியாக இருந்து, பெட்டியில் ஒன்றுமில்லை என்று புளுகிய ஆயிரம் பேரைப் பிடித்தவன் நான். புளுகர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். இது போன வியாழக்கிழமை, பட்டப்பகலில் எனக்கே நடந்தது.

இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகியது. இப்போது ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே இறுகுகிறது. இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். சும்மா படுத்திருக்கும்போது ஒன்று, இதயத்தை ஓடவிட்டு இன்னொன்று. எனக்கு முட்டி சரியில்லாததால் மருந்து ஏற்றியே ஓட வைப்பார்களாம். முந்தின நாளிலிருந்து காபி, டீ, நாங்கள் குடுக்கையில் குழல் வைத்து உறிஞ்சும் மாத்தே இலைச்சாறு எதுவும் தொடக்கூடாது. தொட்டால் மருந்து வேலை செய்யாதாம்.

மாத்தே கூடாது என்று உருகுவேக்காரனிடம் சொல்கிற பேச்சா இது? கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க் இல்லாமல் தெருவில்கூட இறங்காத ஜனம் நாங்கள். சொன்ன டாக்டருக்குத் தலையில் தடவிய ஜெல்லில் பாதிகூட உள்ளே மூளை இருக்காது. ஆனாலும் பயம் யாரை விட்டது? ஒரு நாள் முழுக்கக் குடிக்கவில்லை. தலை வெடித்தது.

காலை 9.10க்கு முதல் ஸ்கேன் முடிந்தது. கதிரியக்க ஊசி போட்டவர்களைத் தனியாக உட்கார வைக்க ஓர் அறை உண்டு. நர்ஸ் கிரிசெல்டா என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

11.40. உறிஞ்சும் சத்தம்... கர்ர்ர்...

எதிர் நாற்காலியில் ஒரு கிழவர். தட்டைத் தொப்பி. கதவு திறந்த சத்தமே இல்லை. திறந்த மார்பில் ஈசிஜி ஒட்டுகள், பழுப்பேறிச் சுருண்டு கிடந்தன. குளிக்காத நாட்டுப்புறத்தான் என்று முகம் சுளித்தேன்.

மாத்தே குடுக்கையை நீட்டினார். "குடி தம்பி. இது காபியா என்ன?"

அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்ட ஒரே அறிவுள்ள பேச்சு. வாங்கி உறிஞ்சினேன்.

ஆவி பறந்தது. ஆனால் குழல்... பனிக்கட்டி.

எங்கள் ஊரில் குடுக்கையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால் 'போதும்' என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் ஊற்ற மாட்டார்கள்.

நன்றி சொன்னேன். ஊற்றினார்.

மறுபடி சொன்னேன். ஊற்றினார்.

என் கை தானாக நீண்டது...

கடிகாரம் இன்னும் 11.40.

கதவு திறந்தது. நாற்காலி காலி.

"மாத்தே ஏதும் குடிச்சீங்களா, நெல்சன் சார்?" என்றாள் கிரிசெல்டா.

"இல்ல."

நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை. வாயில் அந்தக் கசப்பு அப்படியே இருந்தது.

12.15. மருந்து ஏறியது. நாடி 68.

ஐந்து நிமிடம். 68.

பத்து நிமிடம்... 68.

குடித்திருக்கிறீர்கள் என்றாள். கிழவர் கொடுத்தார், நோயாளிகளை பிளாஸ்க்கோடு உள்ளே விடுகிற இது என்ன ஆஸ்பத்திரி என்று எகிறினேன். அவள் கோபப்படவில்லை.

"தட்டைத் தொப்பியா?"

அன்று அந்த அறைக்குப் பதிவானது என் பெயர் மட்டும்தானாம்.

"உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இதையே சொன்னாங்க சார். திரும்ப எடுக்க நாள் குடுத்தோம்." குரல் இறங்கியது. "மூணு பேரும் அந்த நாளுக்குள்ளயே போயிட்டாங்க."

இத்தனைக்கும் அந்த அறையைப் பூட்ட அங்கே ஒருவனுக்கும் துப்பில்லை. முன்கூட்டியே எடுத்துவிடுங்கள் என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். ஆமாம், நான்தான் கெஞ்சினேன். இடமில்லையாம்.

எனக்குக் கொடுத்திருப்பது வரும் வியாழன், காலை 9.00.

இன்று செவ்வாய்.