மேடம் என்று கூப்பிட்ட அம்மா

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். டியூட்டி முடிந்ததும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்: என்ன நடந்தது, மனசுக்கு என்ன தோன்றியது, அடுத்த முறை என்ன செய்வாய். வாராவாரம் பயிற்சி சிஸ்டர் படித்துப் பார்ப்பார்.

நான் காசிமேட்டுப் பெண். நர்சிங் காலேஜில் முதல் வாரமே ‘வந்துகினு இருக்கேன்’ என்று வாயை விட்டு, படிப்பு முடியும்வரை கேலிக்கு ஆளானேன். அதனால் திருவொற்றியூரில் வேலை கிடைத்தபோது நாக்கைக் கழுவிக்கொண்டுதான் வார்டுக்குள் போனேன். சுத்தமாகப் பேசினால்தான் நல்ல நர்ஸ் என்று ஒரு நினைப்பு. மடச்சி.

நெஞ்சுவலியோடு ஒரு மீன்கார அம்மா வந்து சேர்ந்தார். ஒரே மகன் போட்டில் கடலுக்குப் போயிருந்தார். கூட யாரும் இல்லை. ஊசி போடும்போது வெடுக்கென்று கையை இழுத்தார். “இன்னாம்மா” என்று என் வாய் தவறிவிட்டது. அவர் முகமே மாறிப்போனது.

“நம்ம பக்கமா கண்ணு நீ? எந்த வூடு?”

பக்கத்தில் டாக்டர் நின்றிருந்தார். “இல்லைங்கம்மா. கையை நீட்டுங்க” என்றேன்.

அதற்குப் பிறகு அவருக்கு நான் மேடம் ஆகிவிட்டேன். மறுநாள் காலை வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லீங்க மேடம் என்றார். மதியம் உயிர் போய்விட்டது.

‘நோயாளி வலியைத் தெரிவிக்கவில்லை. அடுத்த முறை இன்னும் கவனமாகக் கேட்பேன்’ என்று நோட்டில் எழுதினேன். பயிற்சி சிஸ்டர் ‘நன்று’ போட்டுத் தந்தார்.

வார்டு பெருக்கும் அக்கா பிறகுதான் சொன்னார். “காலைலேர்ந்தே நெஞ்சைப் பிசையுதுன்னு சொல்லிகினு இருந்துச்சும்மா. மேடமாண்ட சொல்லுன்னேன். அவங்க பெரிய எடம், இன்னாத்துக்குப் பேஜாருன்னுச்சு. நான் சொல்றேன்னாலும் வேணான்னுடுச்சு.”

இரண்டு நாள் கழித்து மகன் கரைக்கு வந்தார். அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு, கடைசியில் அவர் கூட யார் இருந்தது என்று கேட்டார். கழுவி வைத்திருந்த தமிழ் எனக்கு வரவில்லை.

“நான்தாண்ணா கூட இருந்துகினு இருந்தேன்.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “அம்மா கூட நம்ம பொண்ணு ஒண்ணு இருந்துச்சே. அது போதும்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் செத்துப்போனேன்.

இப்போது புதிதாக வரும் பெண்களின் நோட்டுகளை நான்தான் படிக்கிறேன். ‘நன்று’ என்று எழுத மட்டும் எனக்குக் கை வருவதில்லை.