கடைசியாக அணைக்க வேண்டிய ரிமோட்

செய்தி வந்தபோது எங்கள் ரிமோட் காரின் புதுப் பல்சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். கைபேசியில் பாபுவின் பெயர் வந்தது. கையெல்லாம் பிசுக்கு. முழங்கையால் தட்டி எடுத்து, "இன்னா மாமே, மாட்டியாச்சு. பாக்க வர்றியா?" என்றேன். தென்காசிக்காரனான எனக்குத் தெரிந்த சென்னைப் பாஷை அந்த 'இன்னா மாமே' ஒன்றுதான். அதுவும் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. மறுமுனையில், ஆஸ்பத்திரியிலிருந்து, அவர் போனில் பேசியது அவர் மனைவி வசந்தி. "அண்ணா, அவரு பூட்டாருண்ணா. கம்பெனி பஸ்லயே..." என்றார். நெஞ்சுவலி. பஸ் அம்பத்தூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கிரீஸ் கையோடு அப்படியே ஓடினேன்.

கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த, இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும் உங்களுக்கு அவர் பேக்கிங் செக்‌ஷன் டில்லிபாபு. எங்கள் திருமுல்லைவாயில் குடியிருப்புக்காரர்களுக்கு 'பொம்மைக் கார் பார்ட்டி'. அந்தப் பார்ட்டியில் மொத்தம் இரண்டு பேர்தான், அவரும் நானும்.

எங்களைச் சேர்த்து வைத்தது கூரியர்காரர். ஏ பிளாக்கிலும் பி பிளாக்கிலும் ஒரே கதவு எண் என்பதால், நான் வரவழைத்த ரோபோ மோட்டார் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. வாங்கப் போனேன். பிரித்தே வைத்திருந்தார்.

"இன்னா சார், கொயந்தைக்கு பொம்மையா?"

"எனக்குத்தான்."

"அப்ப உள்ள வா சார். நானும் நாலு சக்கரத்த ஊட்ல ஒளிச்சி வெச்சிகினு கீறேன்."

இந்த ஊருக்கு வந்த பிறகு என்னை உள்ளே கூப்பிட்ட முதல் வீடு அது. வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் எனக்குப் பேச்சுத்துணை என்று வேறு யாரும் இருந்ததில்லை.

இருவருக்கும் ஒன்றும் தெரியாது. கல்லூரிப் பிள்ளைகள் ரோபோ செய்ய வாங்கும் மோட்டார், பேட்டரி, ரிசீவர் எல்லாவற்றையும் வாங்கி, விளம்பரப் பலகையில் மிஞ்சிய கனமான பிளாஸ்டிக் தகட்டின் மேல் திருகினோம். இலட்சியம் ஒன்றே: பாபுவின் பைக்கை அது முந்த வேண்டும். முதல் நாள் அவர் வண்டிக்குப் பின்னால் பெருமையாக நிற்க, நான் விசையை அழுத்தினேன். மோட்டாரின் வயர்களை மாற்றிக் கொடுத்திருந்தோம் போல. வண்டி பின்பக்கமாகப் பாய்ந்து அவர் முழங்காலுக்குக் கீழே முட்டியது. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், "பாசக்கார வண்டி மாமே, என்ன உட்டுட்டு போவ மாட்டேங்குது" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

திருமழிசைப் பக்கம் மனை பிரித்துப் போட்ட இடத்தில் நேரான தார்ச்சாலை உண்டு. வீடுகள் இன்னும் வரவில்லை. ஞாயிறு காலைகளில் அங்கே போவோம். ஓட்ட ஒருவர், மறுமுனையில் நிற்க ஒருவர். கூப்பிட்டால் கேட்காத தூரம் என்பதால் பாபு ஒரு ஏற்பாடு செய்தார். ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் பாதை காலி. தலையில் மாட்டிக்கொண்டால் மாடோ, நாயோ, மனிதரோ வருகிறது. எப்போதும் அவர்தான் மறுமுனைக்குப் போவார். "நீ ஓட்டு, நான் வர்றத பாக்கறேன். அதான் ஷோ" என்பார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. போடும்போது முதலில் ரிமோட், பிறகு வண்டி. அணைக்கும்போது முதலில் வண்டி, கடைசியில்தான் ரிமோட். இல்லாவிட்டால் வண்டிக்குள் இருந்து ரிமோட்டின் பேச்சைக் கேட்கும் எங்கள் பழைய ரிசீவர் குழம்பி, வண்டி தன்னிஷ்டத்துக்கு ஓடிவிடும். "பெத்தவன் தூங்கிட்டா புள்ள ரோட்டுக்கு ஓடிடும் மாமே. நாமதான் கடைசில தூங்கணும்" என்று வாரம் தவறாமல் ஓதுவார். அப்படி ஓதியவரே ஒரு ஞாயிறு, ஓட்டி முடித்துக் கிளம்பும் நேரத்தில், வசந்தியிடம் போனில் பேசிக்கொண்டே ரிமோட்டை முதலில் அணைத்துவிட்டார். வண்டி சாலையை விட்டு இறங்கி நேராகக் குட்டையில் விழுந்தது. இடுப்பளவு தண்ணீரில், எருமைகள் வேடிக்கை பார்க்க, துழாவி எடுத்து வந்தார். ஈரம் போக அரிசி டப்பாவில் புதைத்து வைத்துவிட்டு, மறுநாள் அந்த அரிசியை உலையில் போடலாமா என்று கேட்டு வசந்தியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

காரியம் முடிந்த பிறகு வசந்தி ரிமோட்டையும் ஹெல்மெட்டையும் என்னிடம் கொடுத்தார். "சண்டே ஆனா கெளம்பிடுவாருண்ணா. இத பாத்தா எனக்கு தாங்கல" என்றார். எனக்கும் தாங்கவில்லை. ஆனால் கிரீஸ் தடவிய அந்தப் பல்சக்கரம், பைக்கை முந்துவதற்காக அவரே தேடி வாங்கியது. "இந்த சண்டே பறக்கும் பாரு" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை ஓட்டாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

போன ஞாயிறு தனியாகத் திருமழிசை போனேன். முதலில் ரிமோட், பிறகு வண்டி. வழக்கம்போல நிமிர்ந்து மறுமுனையைப் பார்த்தபடி நின்றேன். ஹெல்மெட் உயருவதற்காகக் காத்திருக்கிறேன் என்பது சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. அப்படியொரு வெறிச்சோடிய சாலையை நான் பார்த்ததில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ரிமோட்டோடும் ஹெல்மெட்டோடும் மறுமுனை வரை நடந்தேன். அவர் நிற்கும் மனைக்கல் அருகே நின்று இருபுறமும் பார்த்தேன். அவருடைய ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன், எதிரே யாருமில்லை என்று தெரிந்தும். பிறகு கீழே வைத்துவிட்டு விசையை அழுத்தினேன்.

பறந்தது. பைக் எல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. புள்ளியாகப் புறப்பட்டு, பெரிதாகி, என்னை நோக்கியே சீறிக்கொண்டு வந்தது. இத்தனை ஞாயிறுகளும் அவர் பார்த்த காட்சி இதுதான். அவருக்கு மட்டும் அதன் பின்னால் நான் தெரிந்திருப்பேன். பிரேக் பிடித்து என் கால் விரலருகே நிறுத்தினேன். "பாசக்கார வண்டி" என்று வாய்விட்டுச் சொன்னேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

வண்டியை வசந்தி எப்போது கேட்டாலும் கொடுத்துவிடுவேன். அவருடையதாக நான் வைத்துக்கொள்வது அந்தச் சட்டத்தை மட்டும்தான். அன்றும் வண்டியைத்தான் முதலில் அணைத்தேன். ரிமோட்டில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெயில் ஏறும்வரை மனைக்கல்லில் உட்கார்ந்திருந்தேன், அதை அணைக்க மனமில்லாமல்.