சொட்டு நீலம்

என் மகள் என்ஜினியர். இப்போது ஏதோ ஒரு ஆப்பிரிக்க தேசத்தில் இருக்கிறாள். ஊர்ப் பெயர் என் வாயில் நுழையாது. கிராமம் கிராமமாகப் போய் நல்ல தண்ணீருக்கு வழி செய்து, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வராமல் பார்ப்பது அவள் வேலை. கேட்பவர்களிடம் தலையை நிமிர்த்தித்தான் சொல்வேன். அவள் தண்ணீரில் முதன்முதலாகக் கைவைத்த அன்று என்னவோ அடி வாங்கத்தான் இருந்தாள்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு வரும் குழாய்த் தண்ணீர் மேலே ஏறாது. வீட்டுக்கு வீடு வாசலில் குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி, குடத்தைக் குழிக்குள் வைத்துப் பிடிப்போம். அந்தக் கோடையில் அவள் தம்பி, என் சின்னவனுக்கு வாந்தியும் பேதியும் விடவேயில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டி வருவோம். கொஞ்ச நாளில் மறுபடியும் பஸ் ஏறுவோம். மாம்பழச் சூடு என்றேன், கண்ணேறு என்றேன். பிள்ளை துணியாய்த் துவண்டு கிடந்தான்.

ஒருநாள் பள்ளிக்கூடச் சட்டையை அலசிய மகள், சொட்டு நீலத்தைப் பாட்டிலோடு குழிக்குள் தவறவிட்டாள். குழியில் தேங்கிய தண்ணீரெல்லாம் நீலமாகிவிட்டது. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது பக்கத்து வீட்டு மதினி குடத்தோடு வந்து நின்றாள். குடத்துக்குள்ளும் நீலம்.

“ஏட்டி, நான் இதுல சோறு பொங்கவா, வேட்டி வெளுக்கவா?”

நான் கையை ஓங்கினேன். மகள் மதினியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டாள்:

“நம்ம குழியிலதானம்மா கொட்டுச்சு. அத்தை வீட்டுக் குழாய்க்கு எப்படிம்மா போச்சு?”

ஓங்கின கை இறங்கவில்லை. குழியைப் பார்த்தேன். சாக்கடைக் கசிவு, கோழி எச்சம், கால் கழுவின தண்ணீர். தண்ணீர் நிற்கும்போது குழாய் குழித் தண்ணீரைக் கொர்ரென்று உள்ளே இழுக்கும்; தினமும் கேட்கிற சத்தம்தான். நீலம் போன வழியில் இதெல்லாம் போகாதா? அவர்கள் குழியில் கிடப்பது எங்கள் குடத்துக்கு வராதா?

அன்று சாயங்காலமே குழாயை அடைக்கச் சொல்லி, குழியை நானே மண்ணள்ளி மூடினேன். எனக்குக் கிறுக்கு என்று சொன்ன மதினியும் பொறவு தன் குழியை மூடினாள். தெருக்கோடி அடிபம்பிலிருந்து சுமந்து வந்து காய்ச்சிக் குடித்தோம். அதற்கப்புறம் சின்னவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கத்தான் போனான்.

மகளுக்கு ஒரே ஆத்திரம். “ஒரு நீலத்துக்கு இம்புட்டுத் தண்டனையா?” என்று முணுமுணுத்துக்கொண்டே குடம் சுமப்பாள். தம்பி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவான். தண்ணீர் தளும்புகிறதென்று அவனைத் திட்டுவாள். ஓடுகிற தெம்பு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது.