கேமராவுக்கு வைத்த பொட்டு

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் எனக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய. தெரியாத ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பயப்படுவது என் வழக்கம். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறதா என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் தொட்டுப் பார்ப்பேன். ஆரணியில் தறியில் உட்கார்ந்திருந்த காலத்தில், பாவில் ஒரு இழை அறுந்தால் அதை முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டு, அடுத்து அறுந்துபோகப்போகிற இழை எது என்று தேடிக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்ட ஆள் வளைகுடாவில் சில வருஷம் இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வீடியோ கேமராவோடு ஊர் திரும்பினான் என்றால், அந்தக் கேமரா பட்ட பாட்டை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

அங்கே எனக்குத் துணிக்கடையில் வேலை. வாடிக்கையாளர் பிரித்துப் போட்டதையெல்லாம் மறுபடி மடித்து வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அதன் முதலாளி கடையை மூடிக்கொண்டு போகும்போது, தோளில் தூக்கி வைத்துப் பிடிக்கிற பெரிய வீடியோ கேமரா ஒன்றை என்னிடம் தள்ளிவிட்டார். போவதற்கு முன்னால் எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லியும் கொடுத்தார். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் எல்லாம் நான் படம் பிடித்துப் பழகினேன். அறையில் என்னோடு இருந்த களம்பூர் அண்ணன்தான் என் கதாநாயகன். அவர் துணி துவைப்பது, மீன் கழுவுவது, துவைத்த துணியைக் காயப்போடுவது என்று மணிக்கணக்கில் பிடித்து வைத்திருந்தேன்.

என் திட்டம் எளிமையானது. கல்யாணப் பட்டு எடுக்க எங்கெங்கிருந்தோ ஆரணிக்கு வருகிறார்கள். என் மனைவி ஒரு பட்டுக்கடையில் புடவைகளைப் பிரித்துக் காட்டும் வேலையில் இருந்தாள். புடவையைப் பிரிக்கும்போதே, ‘வீடியோவுக்கு ஆள் சொல்லிட்டீங்களா?’ என்று அவள் ஒரு வார்த்தை கேட்டுவைத்தால் போதும். நான் கடையில் கணக்கு முடித்து, விசாவையும் ரத்து செய்துவிட்டேன். இனி திரும்பிப் போக முடியாது. கேமரா வந்தால் பிழைப்பு உண்டு. வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் என்னிடம் பலவிதமான யோசனைகள் இருந்தன, எல்லாமே மோசமானவை.

புறப்படும் வாரத்தில் மனைவிக்கு போன் செய்தேன்.

“இன்னாங்க, மொத ஆர்டர் புடிச்சிட்டேன். கண்ணமங்கலத்துக்காரங்க, பொண்ணு வூடு. நீங்க வந்த மூணாம் நாள் முகூர்த்தம்.”

“கேமரா இன்னும் கஸ்டம்ஸ் தாண்டலியே!”

“தாண்டிகினு வாங்க. வெத்தல பாக்கு தட்டோட அட்வான்ஸ் குடுத்தாங்க, நான் வாங்கிக்கினேன்.”

வெற்றிலைத் தட்டை வாங்கிவிட்டால் வாங்கியதுதான். எங்கள் ஊரில் அதைத் திருப்பிக் கொடுக்க, ஒன்று சாவு விழ வேண்டும், இல்லை ஊரை விட்டு ஓட வேண்டும். போனை வைத்ததும் நேரே களம்பூர் அண்ணனிடம் போனேன்.

களம்பூர் அண்ணன் ஊரில் இருந்தவரை ரைஸ் மில்லில் வேலை செய்தவர். இரண்டு முறை ஊருக்குப் போய் வந்திருந்தார் என்ற ஒரே தகுதியால் எங்கள் அறையில் அவர்தான் கஸ்டம்ஸ் சட்ட நிபுணர். ஒரு முறை அவரிடம் எதையும் கேட்காமல் விட்டார்கள். இன்னொரு முறை எல்லாவற்றையும் கேட்டார்கள். இந்த இரண்டிலிருந்தும் அவர் ஒரு முழுச் சட்டத்தையே எழுதி மனதில் வைத்திருந்தார்.

“தம்பி, புதுசுன்னு தெரிஞ்சா வரி போட்டு உக்கார வெச்சிடுவான். பழசுன்னா போடான்னு வுட்டுடுவான். நம்ம களம்பூர்ல பழைய அரிசிக்குத்தானே மவுசு? அதே கணக்குதான்.”

“அண்ணே, இது பழசுதானே? நான் வாங்கறப்பவே பழசு.”

“பழசா இருந்தா பத்தாதுடா. பழசா தெரியணும்!”

அரசாங்கத்தோடு புழங்குகிறவன் கல்லில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வாக்கியம் என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

கேமராவின் பக்கவாட்டில் ஸ்டுடியோவின் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அரபியிலும் இங்கிலீஷிலும் கடைப்பெயர். அதைப் பார்த்தால் திருட்டுச் சாமான் என்று நினைப்பார்களே என்று நான் பயந்தேன். உரித்துப் பார்த்தேன், பாதிதான் வந்தது. பாதி உரித்த ஸ்டிக்கர் முழு ஸ்டிக்கரைவிடத் திருட்டுத்தனமாக இருந்தது. தோளில் வைக்கும் இடத்தில் பெயின்ட் போய், கீறல் கீறலாக வேறு இருந்தது. இந்த நிலைமையில் அண்ணனுக்கு யோசனை பிறந்தது.

“ஆயுத பூஜைக்கு இன்னா பண்ணுவோம்? சந்தனம் குங்குமம் வெப்போமில்ல? மூணு ஆயுத பூஜை பாத்த சாமான்னா எவன்டா புதுசும்பான்? கும்புட்ட பொருள்ல கை வெக்கவும் யோசிப்பான் பாரு.”

சந்தனப் பொடியைக் குழைத்தோம். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டு. கீறல்கள் மேல் மூன்று பட்டை. சார்ஜருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. என் கை சும்மா இருக்கவில்லை. தோள் வாரின் ஓரத்தில் ஒரு துளி மஞ்சளையும் தொட்டு வைத்தது. அண்ணன் இரண்டடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இப்பதான்டா பழசு” என்றார்.

சென்னையில் வந்து இறங்கியபோது நல்ல வெயில் நேரம். ஹாலில் இரண்டு வழிகள் இருந்தன. வரி கட்ட ஒன்றுமில்லை என்பவர்களுக்குப் பச்சை, இருப்பவர்களுக்குச் சிவப்பு. பச்சையில் போனால் பிடித்துவிடுவார்களோ என்று பயம். சிவப்பில் போனால் நானாகவே மாட்டிக்கொள்வேனோ என்று பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தூண் இருந்தது. நான் அதன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அங்கிருந்து பார்த்தால் சிவப்பு மேசை நன்றாகத் தெரிந்தது. ஒருவர் பெரிய டிவியைக் கம்பளியில் சுற்றிக் கயிறு கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதிகாரி என்னவென்று கேட்டதற்கு, “படுக்கை சார்” என்றார்.

“படுக்கைக்கு எதுக்குய்யா ஒயரு?”

அவர் ஒயரைக் கம்பளிக்குள் தள்ளப் பார்த்தார். நான் அவருக்காகவும் சேர்த்து வியர்த்தேன். அதிகாரி அவரை வரி கட்டும் இடத்துக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

“யாருய்யா அது, தூணாண்ட? வா இங்க.”

போனேன்.

“பையில இன்னா?”

“கேமரா சார். பழசு சார்.”

“பழசா புதுசான்னு நான் இன்னும் கேக்கவே இல்லியே.”

ஜிப்பைத் திறந்தார். மேசையைச் சுற்றிச் சந்தன வாசனை வீசியது. அவர் கேமராவை வெளியே எடுத்து, லென்ஸ் மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“கேமரா எங்கபா? இங்க உற்சவர்தான் இருக்காரு.”

“மூணு ஆயுத பூஜை பாத்தது சார்.”

“மூணு பூஜை சந்தனமும் இன்னும் ஈரமாவே இருக்கே! எந்த ஊரு நீ?”

“ஆரணி சார்.”

அவர் தோள் வாரைப் பிடித்து, ஓரத்திலிருந்த மஞ்சளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு இருந்தது போய்விட்டது.

“போன மாசம் எங்க வூட்ல உங்க ஊரு பட்டுதான் எடுத்தாங்க. கட்டறதுக்கு முன்னாடி ஓரத்துல மஞ்சள் தொட்டு வெச்சாங்க. எதுக்கு வெப்பாங்க, சொல்லு.”

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து எனக்குப் பதில் தெரிந்த கேள்விகளே குறைவு. தெரிந்த ஒன்றைக் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“புதுத்துணிக்கு வெப்பாங்க சார்.”

“ஆங்! நீயே சொல்லிட்ட. வரி கட்டிட்டு எடுத்துகினு போ. இல்லன்னா இங்க வெச்சிட்டு ரசீது வாங்கிகினு போ.”

வரி கட்டும் அளவுக்குக் கையில் எதுவும் இல்லை. கண்ணமங்கலத்துப் பந்தலும் வெற்றிலைத் தட்டும் கண்ணுக்குள் வந்து நின்றன.

“சார், இது நெஜமாவே பழசு சார்.”

“இப்ப நெஜமாவேன்னா, மொதல்ல சொன்னது?”

அதற்குள் அவர் விரல் பெரிய பொட்டின் மேல் வந்து நின்றது. குரல் மாறியது.

“இது இன்னாய்யா இவ்ளோ பெருசு? உள்ள இன்னாத்த வெச்சி பூசிகினு வந்துகிற? தங்கமா? தொடை!”

பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். எதை மறைக்க அத்தனை சந்தனம் செலவழித்தோமோ அது மெதுவாக வெளியே வந்தது. முதலில் பாதி ஸ்டிக்கர். அடுத்து, பட்டைகளுக்குக் கீழே கீறல்கள். பெயின்ட் போன கைப்பிடி. ஒரு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் நான் கட்டியிருந்த நூல். இதில் எதற்கு என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று யோசித்தபடியே துடைத்தேன். அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு ஸ்டிக்கரைப் படித்தார்.

“கடையில ஓடின கேமராவா இது?”

“ஆமா சார். கடைய மூடறப்ப வாங்கினேன். அப்பறம் ஒரு வருஷத்துக்கு மேல நான் ஓட்டினேன்.”

“அப்ப ஸ்டிக்கர ஏன் மூடின?”

“திருட்டு சாமான்னு நெனச்சிடுவீங்கன்னு.”

“கீறல ஏன்யா மூடின?”

உண்மை ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“பழசா தெரியணும்னு சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார். சிரிப்பா, தலைவலியா என்று எனக்குத் தெரியவில்லை.

“புதுச பழசாக்கிகினு வர்றவன தெனம் பாக்கறேன். பழச புதுசாக்கிகினு வந்தவன் நீ ஒருத்தன்தான். மிச்சத்தையும் தொடைச்சிட்டு போய்யா. வேற ஆளு பாத்தா இந்தக் கதைய மறுபடி நான்தான் கேக்கணும்.”

சட்டை நுனியாலேயே துடைத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தேன். கேமராவின் மூடி அவர் மேசையிலேயே தங்கிவிட்டது என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மூடி இல்லாமல் ஆயுசுக்கும் படம் பிடிப்பேனே தவிர, திரும்பிப் போய் அதைக் கேட்பது என்னால் ஆகாது.

வெளியே மனைவி வாடகை வேனோடு வந்திருந்தாள். கையில் தட்டு. தட்டில் மஞ்சள், குங்குமம், கற்பூரம்.

“நில்லுங்க! மொதமொதல்ல வர்ற தொழில் சாமானு. பொட்டு வெக்காம வண்டில ஏத்துவாங்களா?”

“வேணாம்டி. உள்ள அந்த ஆளு பாத்துகினு இருப்பாரு.”

“எந்த ஆளு?”

“கஸ்டம்ஸு!”

“அவரு வூட்ல சாமியே கும்புட மாட்டாங்களா?”

நான் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் கேமராவை வெளியே எடுத்து, மஞ்சளைக் குழைத்து, நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். கேமராவுக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு என்ன தெரியும்? மூடி இல்லாத லென்ஸ்தான் நடுவில் இருந்தது.

ஆரணி வந்து சேரும்வரை வேனில் துடைத்துக்கொண்டே வந்தேன். வீட்டிலும் துடைத்தேன். விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த மஞ்சளாம், சுலபத்தில் போகாதாம். மூன்றாம் நாள் கண்ணமங்கலத்தில் முகூர்த்தத்தைப் பிடித்தேன். பின்பு ஒரு நாள் கேசட்டைக் கொண்டுபோய், பெண் வீட்டாரும் சம்பந்தி வீட்டாரும் கூடியிருக்கப் போட்டுக் காட்டினோம். எழுந்து ஓட வசதியாக நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் முகத்தைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக ஒரு புகை.

“இன்னாபா இது, பொண்ணு மேல மஞ்சளா வெளிச்சம்?” என்றார் பெண்ணின் அப்பா.

நான் செருப்பைத் தேடினேன். என் மனைவி அசையவில்லை.

“ஃபாரின் கேமராங்க. முகூர்த்தத்துல மட்டும் அப்டி வரும்.”

அவர் பக்கத்திலிருந்த சம்பந்தியைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். அங்கே உட்கார்ந்து பார்த்த போளூர் உறவுக்காரர் ஒருவர் கையோடு தன் மகளின் கல்யாணத்துக்கும் தட்டு வைத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: அந்த மஞ்சள் வெளிச்சம் அவர்களுக்கும் வேண்டும்.

வீட்டுக்கு வந்து கேமராவை எடுத்துப் பார்த்தேன். லென்ஸ் பளிச்சென்று இருந்தது. அன்று காலையில்தான், பயத்தில் நானே ஷாம்பு போட்டு அதை நன்றாகத் துடைத்து வைத்திருந்தேன்.

“இன்னாடி பண்றது இப்போ?” என்றேன்.

அவள் மஞ்சள் கிண்ணத்தை எடுக்க உள்ளே போனாள்.