பூஜ்யம் காட்டிய ஃபோல்டர்

மலேசியாவில், ராவாங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சர்வர் நிரம்பிவிட்டது. பேக்கப் எடுக்கவும் இடமில்லை. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்க, நானே எழுதிய சின்ன நிரல் ஒன்று உண்டு. என் சாதாரணக் கணக்கில் ஓடும் அது, திறக்க அனுமதியில்லாத ஃபோல்டர் எதிர்ப்பட்டால் சிவப்பு எழுத்தில் வரிவரியாகப் புலம்பும். மேனேஜர் பார்த்தால் என் மானம் போகுமே என்று அந்த வரிகளை மறைத்து வைத்திருந்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

முதலில் காலி ஃபோல்டர்களைக் கூட்டித் தள்ளலாம் என்று, நிரல் பூஜ்யம் காட்டியவற்றை எல்லாம் பட்டியல் போட்டேன். என் அட்மின் கணக்கால் எதையும் அழிக்கலாம். விசையை ஒரு தட்டுத் தட்டுவதுதான் பாக்கி.

அப்போது தரச்சோதனைப் பிரிவில் வேலை செய்யும் பெண் பத்திரிகையோடு வந்தாள். அவள் தம்பிக்குக் கல்யாணம். கையில், பக்கத்து உலு யாமில் அழைக்க வேண்டிய வீடுகளின் பட்டியல். சில பெயர்களுக்கு எதிரே ‘பூட்டு’ என்று எழுதியிருந்தாள்.

“ஆளில்லாத வீட்ட ஏம்மா எழுதி வச்சிருக்க?” என்று கேலி செய்தேன்.

“பூட்டிருந்தா ஆளில்லன்னு அர்த்தமாண்ணே? ஷிப்டுக்குப் போயிருப்பாங்க லா. விட்டுட்டா நாளைக்கு மொகத்துல முழிக்க முடியுமா? மறுபடி போகணும்.”

திரையில் இருந்த என் பட்டியலை மறுபடி பார்த்தேன். மூன்றாவது வரியில் அவளுடைய ஃபோல்டர். மூன்று வருடச் சோதனை முடிவுகள், மறுநாள் ஆடிட்டுக்கு வேண்டியவை. யாரும் கை வைக்கக்கூடாது என்று அவள் கேட்டதால் பூட்டியவனே நான். உள்ளே போக முடியாத நிரல் பூஜ்யம் என்று காட்டியிருக்கிறது.

பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு நிரலைத் திருத்தினேன். பூட்டிய ஃபோல்டருக்கு இனி பூஜ்யம் கிடையாது; ‘பூட்டு, அளவு தெரியாது’ என்றே வரும். பிறகு அட்மின் கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். இடத்தை எல்லாம் விழுங்கியது நான் அவசரத்துக்கு நகலெடுத்துப் பூட்டி மறந்த பழைய கோப்பு மூட்டை. வேறு யாரைத் திட்ட?

மதியம் கேன்டீனில் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“அழிக்கலல்ல? அப்பறம் என்ன. கல்யாணத்துக்கு வந்துருங்க.”

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. கல்யாணத்துக்கும் போனேன். அவள் தன் அம்மாவை அழைத்து வந்து, “என் வேலையக் காப்பாத்துன அண்ணன் இவருதாம்மா” என்றாள். அழிக்கவிருந்தவன் நான் என்று தெரிந்தேதான் சொன்னாள். இலையில் அவள் வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன்.